நாலணாவுக்குப் பெறாதவள்

என் ஜெராக்ஸ் கடைச் சுவரில் ஓர் அட்டை தொங்குகிறது. "பத்து ரூபாய் நாணயம் இங்கே வாங்கப்படும்" என்று ஸ்கெட்ச் பேனாவால் கொட்டை எழுத்தில் நானே எழுதியது. ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் கடை. பக்கத்து டீக்கடையில் வாங்க மாட்டார்கள், பூக்காரி வாங்க மாட்டாள், பஸ்ஸில் கண்டக்டர் முகத்தைச் சுளிப்பார். அரசாங்கம் அச்சடித்து விட்ட காசு, இன்றைக்கும் செல்லுகிற காசு. எவனோ ஒருத்தன் எங்கேயோ செல்லாது என்றான், அம்புட்டுத்தான், ஊர் முழுக்கச் செல்லாமல் போய்விட்டது. யார் சொன்னது என்று கேட்டால், "எல்லாரும் சொல்லுதாக" என்பார்கள். அந்த எல்லாரையும் ஒருநாள் நேரில் பார்த்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

இதனால் என் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்களைவிடக் காசு தள்ளிவிட வருகிறவர்கள் அதிகம். வரட்டும். நானும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, மறுநாள் மளிகைக்கடையில் போய் நீட்டுவேன். அவர் வேண்டாம் என்பார். நான் விட மாட்டேன். தெருவில் எனக்குச் சண்டைக்காரி என்று பெயர். இருந்துவிட்டுப் போகட்டும். செல்லாது என்ற சொல்லைக் காதில் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதற்குக் காரணம் என் அக்கா.

அக்காவை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக் கொடுத்திருந்தது. மாப்பிள்ளைக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. சுற்று வட்டாரத்துக் கிணறுகளில் எந்த மோட்டார் புகைந்தாலும் அங்கேதான் தூக்கிக்கொண்டு வருவார்கள். கை சுத்தமான வேலைக்காரர் என்று ஊரில் பேர். நாக்குதான் சுத்தமில்லை. அக்காவுக்குப் பிள்ளை இல்லை. அது ஒன்று போதாதா? குழம்பில் உப்புக் கூடினாலும் நாலணாவுக்குப் பெறாதவ, வாசல் தெளிக்க நேரமானாலும் நாலணாவுக்குப் பெறாதவ. அந்த வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர் என்று நினைக்கும் அளவுக்கு அதைச் சொன்னார்.

அணா என்ற ஒன்று எங்கள் இரண்டு பேருக்கும் முன்னாலேயே ஒழிந்துபோனது. நாங்கள் அதைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் இருபத்தைந்து காசை யாரும் இருபத்தைந்து காசு என்று சொன்னதில்லை, நாலணாதான். எவர்சில்வர் மாதிரி மினுங்கும், ஒரு பக்கம் காண்டாமிருகம் நிற்கும். சின்னக் காசு, கை தவறிக் கீழே விழுந்தால் தேடி எடுப்பது பாடு.

ஒருநாள் காலை அக்கா கடைக்குச் சாப்பாடு கொண்டுபோன இடத்தில் வாயைத் திறந்து ஒன்று கேட்டிருக்கிறாள். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகளுக்கு ஆள் எடுக்கிறார்கள், பகல் வேலைதான், போய்வரட்டுமா என்று. கடையில் மோட்டார் கொண்டுவந்த வெள்ளாமைச் சம்சாரிகள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மேசை டிராயரை இழுத்து, ஒரு நாலணாவை எடுத்து அவள் காலடியில் போட்டார்.

"இந்தா, இதுதான் உன் வெல. இதுக்கு மேல எவனாவது குடுத்தாம்னா வந்து சொல்லு."

உட்கார்ந்திருந்தவர்களும் சிரித்தார்கள் என்று அக்கா சொன்னாள். குனிந்து அந்தக் காசை எடுத்தாள், தூக்குவாளியை மேசைமேல் வைத்தாள், வெளியே வந்தாள். பஸ்ஸுக்குக் கையில் வேறு காசு இல்லை, இந்த நாலணா பத்தாது. யாரிடமும் கேட்கவும் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து ராஜபாளையம் வரைக்கும் மெயின் ரோட்டிலேயே நடந்து வந்துவிட்டாள். வீட்டுக்குள் நுழைந்தபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். செருப்பில்லாத கால் தாரில் வெந்து போயிருந்தது. மடக்கிய கையைத் திறந்து காட்டினாள். வியர்வையில் அந்தக் காசு உள்ளங்கையோடு ஒட்டியிருந்தது.

தறி வேலைக்கு மறுவாரமே போய்விட்டாள். முதல் சம்பளம் வாங்கிய அன்று அவள் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"ஏட்டி, இந்த நாலணாவக் கொண்டு போயி அந்த மனுசன் மேசையிலயே வைக்கணும். இதுக்கு மேல குடுக்குதாகன்னு சொல்லிட்டு வரணும். அதச் செய்யாம எனக்குச் சாவு கெடையாது."

அதுதான் அவளுக்கு வேண்டியது. ஜீவனாம்சம் வேண்டாம், பஞ்சாயத்து வேண்டாம், சீர்ப்பாத்திரம்கூட வேண்டாம். நாலணாவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இது ஒரு பெரிய காரியமா என்று உங்களுக்குத் தோன்றலாம். செய்து பார்த்தால் தெரியும்.

முதலில் எங்கள் அப்பா மறித்தார். "போனா அங்கயே இருக்கதுக்குப் போ. காசு குடுக்கன்னு போகாத, நாலு பேரு காறித் துப்புவான்" என்றார். அவர் இருந்தவரைக்கும் அவளால் முடியவில்லை. அப்பா போன பிறகு ஆண்டாள் கோவில் தேருக்கு நாங்கள் இரண்டு பேரும் போனோம். தேர் பார்க்கப் போகவில்லை என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். காசு அவள் மணிபர்ஸில் தனி அறையில் இருந்தது. கூட்டத்தில் அந்த ஆளைப் பார்த்தும் விட்டோம். பால்கோவாக் கடை வாசலில் நின்றிருந்தார். பக்கத்தில் ஒரு பெண், ஒல்லியாக, கழுத்தில் மஞ்சள் கயிறு. ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டார் என்று காதில் விழுந்திருந்தது, கண்ணால் பார்த்தது அன்றுதான். அவர் அவளிடம் என்னவோ எரிந்து விழுந்தார். சத்தம் கேட்கவில்லை, வாயசைவு தெரிந்தது. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் அக்காவின் முதுகில் கைவைத்துத் தள்ளினேன். "போ, இப்பப் போயிக் குடு."

"வேண்டாம்ட்டி. அந்தப் புள்ள முன்னால வேண்டாம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்தப் பிள்ளை யார் நமக்கு? அக்கா வேறு கடைக்குப் போய்ப் பால்கோவா வாங்கினாள். பஸ்ஸில் வரும்போது அதைத் தின்றோம். நான் பேசாமல்தான் வந்தேன், ஆனால் தின்றேன்.

பிறகு அவள் தாலிச் சங்கிலியை விற்று இரண்டு தறி வாங்கிப் போட்டாள். அதற்கு எங்கள் சொந்தக்காரர்கள் குதித்த குதி இருக்கிறதே! புருஷன் உயிரோடு இருக்கும்போது தாலியை விற்பதா என்றார்கள். "கழுத்துல சும்மா கெடந்துச்சு, இப்ப வேல பாக்குது" என்றாள் அக்கா. தறி இரண்டு நாலாகி, ஷெட் போட்டு, ஆள் வைத்து நெய்கிற அளவுக்கு வந்துவிட்டாள். நாலணா மட்டும் மணிபர்ஸிலேயே கிடந்தது. பர்ஸ் மாறும், காசு மாறாது.

இப்படி இருக்கும்போதுதான் அரசாங்கம் நாலணாவை நிறுத்தியது. இனிச் செல்லாது, வைத்திருப்பவர்கள் இந்தத் தேதிக்குள் பேங்கில் மாற்றிக்கொள்ளலாம் என்று பேப்பரில் வந்தது. ஊரில் யாரும் கவலைப்படவில்லை. கடையில் யாரும் வாங்காமல் அது செத்து வெகுநாள் ஆகியிருந்தது. நான் பேப்பரை எடுத்துக்கொண்டு தறி ஷெட்டுக்கு ஓடினேன். அக்கா படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தறிச் சத்தத்தில் அவள் சொன்னது கேட்கவில்லை. வெளியே கூட்டிவந்து மறுபடி கேட்டேன்.

"செல்லாதுன்னுட்டாம்னா, இனி நான் அந்தாளுகிட்ட எதத் திருப்பிக் குடுக்க?"

"ஒரு ரூவாயாக் குடு" என்றேன்.

"ஒரு ரூவா குடுத்தா என் வெல கூடிப் போகும்லா."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகு அவள் முகம் மாறியது. "ஆனாலும் பாரேன், அந்தாளு எனக்குப் போட்ட வெலயே நாட்டுல இல்லாமப் போயிருச்சு" என்றாள். அதில் சந்தோஷம் இருந்ததா, ஏமாற்றம் இருந்ததா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. பேங்குக்கு அவள் போகவில்லை. காசை மாற்றவில்லை.

அந்த ஆள் படுக்கையில் கிடந்து இறந்த செய்தி போன வருஷம் வந்தது. போன் செய்தது அக்காவின் கொழுந்தன், அந்த ஆளின் தம்பி. போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷத்துக்கு மேல் எங்கள் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர், "மயினி, மயினி" என்று அண்ணி முறை சொல்லி உருகினார். அண்ணன் போயிட்டாக, நீங்க வந்து முறைக்குச் செய்யவேண்டியதைச் செய்யணும், நீங்கதான தாலி கட்டுன பொண்டாட்டி என்றார். போகாதே என்றுதான் நான் சொல்லியிருப்பேன். ஆனால் அக்கா போனை வைத்துவிட்டு மணிபர்ஸைத் திறந்து பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. நானும் கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன்.

பஸ்ஸில் அவள் ஒத்திகை பார்த்தாள். எங்கள் வழக்கத்தில் இறந்தவரைக் குளிப்பாட்டிச் சந்தனம் பூசி, நெற்றியில் ஒரு காசு வைப்பார்கள். பொண்டாட்டி இருந்தால் அவள் கையால் வைக்க வேண்டும். அக்கா அந்த நாலணாவைத்தான் வைக்கப் போகிறாள். வைக்கும்போது, கூடியிருக்கிற சனத்துக்குக் கேட்கும்படி, "உங்க வெலய நீங்களே வச்சிக்கோங்க" என்று சொல்லப் போகிறாள். மேசையில் வைக்க முடியாததை நெற்றியில் வைத்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது. செத்தவரிடம் இப்படிப் பேசலாமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உயிரோடு இருந்தவளிடம் பேசலாமா என்று அன்றைக்கு ஒருத்தரும் கேட்கவில்லை.

அவள் கட்டியிருந்தது கிளிப்பச்சைச் சேலை. தெருவில் நுழைந்ததுமே அதைப் பார்த்துவிட்டு முணுமுணுத்தார்கள். வாசலில் சாமியானா, உள்ளே ஐஸ் பெட்டி. கொழுந்தன் எழுந்து வந்து வழிவிட்டு, "வாங்க மயினி" என்று முன்னால் கூட்டிக்கொண்டு போனார். அந்தப் பெண் அடுப்படி வாசலில் ஒட்டிக்கொண்டு நின்றாள். தேரில் பார்த்ததைவிட இன்னும் வற்றியிருந்தாள். அழுது அழுது கண் சிவந்து கிடந்தது. அந்த வீட்டில் அத்தனை காலம் சோறு பொங்கியவள், வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்கும் ஆள் மாதிரி ஓரமாக நின்றாள். அவளிடம் யாரும் துக்கம் கேட்கவில்லை.

குளிப்பாட்டி முடித்துப் பெஞ்சில் கிடத்தினார்கள். காரியம் செய்ய வந்தவர் சந்தனத்தைக் குழைத்துவிட்டு, "நெத்திக்கு ஒரு காசு குடுங்க" என்றார்.

அங்கேதான் கூத்து. சட்டைப்பையைத் தடவாத ஆம்பிளை இல்லை. ஒருத்தனிடமும் காசு இல்லை. எல்லாரிடமும் போன் இருந்தது. ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்றிரண்டு வெளியே வந்தது. தெருமுனைக் கடை சாவுக்காக அடைத்திருந்தது. கொழுந்தன் ஒருவனைப் பார்த்து எரிந்து விழுந்தார். "ஒரு ரூவா இல்லையால ஒங்கிட்ட?" அவன், "இப்ப யாரு சித்தப்பா சில்லறை வச்சிருக்கா, எல்லாம் ஸ்கேன்தான்" என்றான். ஸ்கேன் செய்து நெற்றியில் ஒட்டு என்று எனக்கு வாய்வரை வந்தது. என் பையில் பத்து ரூபாய் நாணயம் குலுங்கக் குலுங்கக் கிடந்தது. நான் ஜிப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். முப்பது வருஷமாகக் காத்திருந்த நேரம் இது, அதை நான் கெடுப்பேனா?

அக்கா மணிபர்ஸைத் திறந்து நாலணாவை எடுத்தாள்.

கொழுந்தன் குனிந்து பார்த்தார். "நாலணாவா? இது செல்லாதே மயினி." பிறகு அவசரத்தில், "சரி, பரவால்ல, வைங்க. நேரமாகுது" என்றார்.

அந்த நேரம் பார்த்து, அடுப்படி வாசலில் நின்ற பெண் மெல்ல முன்னால் வந்தாள். காசு கேட்டு வரவில்லை. இறந்தவரின் நெற்றியில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது, அதைச் சேலை முந்தியால் ஒற்றக் குனிந்தாள். கொழுந்தன் அவள் தோளைப் பிடித்து ஒரு தள்ளுத் தள்ளினார்.

"நீ எங்க வார? தள்ளு. ஒங் கையி இங்க செல்லாது."

அவள் சுவரில் போய் மோதிக்கொண்டு நின்றாள். தலையைக் குனிந்துகொண்டாள். தேரில் குனிந்தாளே, அதே குனிவு.

அக்கா காசை நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

"என்ன சொன்னீக?"

"இல்ல மயினி, இவளுக்கு எந்த முறையும் கெடையாது. இன்னைக்கு இவ கைய வைக்க விட்டா, நாளைக்கு வீட்டுல பாத்தியதை கேட்டு நிப்பா. அதுக்குத்தான் ஒங்கள வரச் சொன்னது. நீங்க வைங்க."

அப்போதுதான் எங்களுக்கு அந்த மயினி உருக்கம் எதற்கென்று விளங்கியது. ஒருத்தியைச் செல்லாது என்று சொல்வதற்கு, முன்னால் செல்லாது என்று தள்ளிவிட்ட இன்னொருத்தி தேவைப்பட்டிருக்கிறாள். எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. அக்கா இப்போது காசை அவர் மூஞ்சியில் எறிவாள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் எறிந்திருப்பேன்.

அவள் சுவரோரம் போனாள். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, பெஞ்சுக்குக் கூட்டிவந்தாள்.

"இந்தா. நீ வையி."

அந்தப் பெண் மிரண்டு போனாள். "ஐயோ அக்கா, நான் எப்படி..."

என் அக்காவை அக்கா என்று கூப்பிட உலகத்தில் நான் ஒருத்திதான் உண்டு. இன்னொரு வாயில் அதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது, அதை மறைக்கப் போவதில்லை.

"எம்புட்டு வருசம் சோறு பொங்கிப் போட்ட? பீ மூத்திரம் அள்ளுனது யாரு, இவுகளா? வையிட்டி."

கூட்டம் சலசலத்தது. கொழுந்தன் போலீஸ் குரலுக்கு வந்துவிட்டார். "மயினி, இது சாவு வீடு. செல்லாத காச, முறையில்லாதவ கையால வைக்க விட மாட்டேன். அண்ணன் கட்ட வேகாது."

அக்கா திரும்பினாள். அத்தனை வருஷமும் அந்த மனுசன், அந்தாளு என்றே சொல்லி வந்தவள், அன்றைக்கு ஊர் முறைப்படி மரியாதை கொடுத்துத்தான் பேசினாள்.

"இது அவிய எனக்குக் குடுத்த காசு. ஒங்க அண்ணன் டிராயர்ல இருந்து எடுத்துப் போட்டது. அவியகிட்டயே செல்லலேன்னா வேற எங்க போயிச் செல்லும்?"

பெஞ்சைச் சுற்றி நின்ற கிழவர்களில் ஒருவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றைக்கு மோட்டாரோடு கடையில் உட்கார்ந்து சிரித்தவர்களில் ஒருவராக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். காரியம் செய்ய வந்தவர், "வைங்கம்மா, வெயில் ஏறுது" என்று அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னார்.

அவள் வாங்கி வைத்தாள். காசு நெற்றியில் நிற்காமல் வழுக்கிக் காதோரம் விழுந்தது. அக்கா எடுத்து, அதன் பின்பக்கத்தில் சந்தனத்தை அப்பி மறுபடி அவள் கையிலேயே கொடுத்தாள். "அமுக்கி வையி. செத்த நேரம் விரலை எடுக்காத." அந்தப் பெண் அப்படியே வைத்தாள். பிறகு வாய்விட்டு அழுதாள். அக்கா அழவில்லை. ஒத்திகை பார்த்து வந்த வார்த்தையையும் சொல்லவில்லை.

எனக்கு அந்த வார்த்தை வேண்டியிருந்தது. இப்போதும் வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லியிருக்க வேண்டும் என்று அவளிடம் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன், இனியும் போடுவேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் சொந்தக்காரர்கள் வேறு மாதிரிப் பேசுகிறார்கள். செத்தவன் நெற்றியில் செல்லாக்காசை வைத்த குடும்பம் என்கிறார்கள். என் கடைக்கே வந்து ஒருத்தர் கேட்டார். ஆமாம், வைத்தோம், உங்களுக்கு ஜெராக்ஸ் எத்தனை காப்பி வேண்டும் என்றேன்.

அன்றைக்கு நாங்கள் தூக்கும்வரை நிற்கவில்லை. வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது கொழுந்தன் பின்னாலேயே வந்தார். முகம் கறுத்திருந்தது.

"நல்ல காரியம் பண்ணிட்டீக மயினி. நாளைக்கு அவ கோர்ட்டுல போயி நிப்பா, நாந்தான் பொண்டாட்டின்னு. அப்பத் தெரியும்."

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நிக்கட்டும். கட்டுன பொண்டாட்டி நான் இருக்கேம்லா, செல்லும்னு நான் வந்து சொல்லுதேன். எந்தக் கோர்ட்டுன்னு மட்டும் சொல்லி விடுங்க."